ரேடியோவிலிருந்து நீ எடுத்துப்போட்ட பெயர்

இன்று காலை மேல்வீட்டுப் பெண் பாட்டுப் பயிற்சிக்குச் சுருதி போட்டாள். இப்போதெல்லாம் அது செல்போனிலிருந்தே வருகிறது. நான் அடுப்படியில் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த ரீங்காரம் ஜன்னல் வழியாக இறங்கி வந்ததும் கையிலிருந்த கல்லைத் தொட்டியில் விட்டெறிந்தேன். சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் பேப்பரும் கையுமாக வந்து, "இன்னா ஆச்சு?" என்றார். "ஒண்ணும் ஆவல, போங்க" என்று கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார். கோபம் அவர்மேல் இல்லை. உன்மேல்.

நேற்றுத்தான் உன் சுபஸ்வீகாரம். உன் வீட்டில் இலை போட்டு, பாயசம் ஊற்றி, என்னைச் சாப்பிடச் சொன்னார்கள். பதின்மூன்றாம் நாள் துக்கத்தை முடித்துவிட வேண்டும் என்பது உங்கள் வழக்கம், தெரியும். எனக்குத்தான் முடியவில்லை. பாயசத்தைத் தொடாமல் இலையை மூடினேன். செத்தவர்களைத் திட்டக் கூடாது என்று என் அம்மா சொல்லுவாள். ஆனால் நீ உயிரோடு இருந்தபோது என்னைத் திட்ட விட்டாயா? நான் வாயைத் திறந்தாலே "விடுடி ஸ்டெல்லா" என்று அடைத்துவிடுவாய். இனி அடைக்க முடியாது அல்லவா? கேள்.

தொண்ணூறுகளின் கடைசி. தி.நகரில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் நம் ஆபீஸ். கீழே அண்டா குண்டான் உருளும் சத்தம், மேலே நாம் எட்டுப் பேரும் பழைய கம்ப்யூட்டர்களும். சாந்தோமிலிருந்து நான், தெற்கு மாட வீதியிலிருந்து நீ. லஸ் முனையில் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். உன் தலையில் எப்போதும் ஒரு முழம் மல்லி. பஸ் நெரிசலில் அது என் மூக்கில் உரசும். "கொஞ்சம் தள்ளி நில்லுடி" என்று நான் சண்டை பிடிப்பேன். நீ சிரிப்பாய். உன்னிடம் எதற்கும் ஒரு சிரிப்பு இருந்தது, அதுதான் எனக்கு ஆகவில்லை.

சிங்கப்பூரிலிருந்து ஒரு தமிழர் வந்தார். இன்டர்நெட்டில் தமிழ் ரேடியோ ஆரம்பிக்கப் போகிறேன், கேட்பதற்கு ஒரு சின்ன புரோகிராம் செய்து கொடுங்கள் என்றார். பழைய கம்ப்யூட்டரிலும் ஓட வேண்டும், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓட வேண்டும், போன் லைனில் இறக்கிக்கொள்ளும் அளவுக்குச் சின்னதாக இருக்க வேண்டும். நம் எம்.டி. உடனே தலையை ஆட்டிவிட்டார். டீம் லீடர் முரளியும் ஆட்டினான். வேலை நம் இரண்டு பேர் தலையில் விழுந்தது.

எங்கோ ஐரோப்பாவில் இரண்டு பேர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இலவசமாக விட்டிருந்த ஒரு பாட்டுப் புரோகிராமின் மூல வரிகளை, அந்த சோர்ஸை, நீதான் தேடிப் பிடித்தாய். அதை மோடத்தில் இறக்குவதற்குள் உயிர் போனது. கணக்குப் பிள்ளை பக்கத்து அறையில் போனை எடுத்தால் இங்கே லைன் அறுந்துவிடும். கடைசியில் நீ உன் தலைப் பூவிலிருந்து வாழைநாரை உருவி அவருடைய ரிசீவரைக் கட்டிப்போட்டாய். "மாமா, சாயங்காலம் அவுத்து விடறேன், அதுவரைக்கும் தொடப்படாது" என்று நீ சொன்னதும் அந்த மனுஷர் பயந்துபோய்ப் போனையே பார்க்கவில்லை.

எழுதியதை ஓடும் புரோகிராமாக மாற்றக் கம்பைல் பண்ணக் கொடுத்துவிட்டுப் பனகல் பார்க் வரை நடந்து, டீ குடித்து, திரும்பி வந்தால்கூட அது ஓடிக்கொண்டே இருக்கும். கடைசி வரியில் ஒரு பிழையைக் காட்டி நின்றுவிடும். நான் மேஜையைக் குத்துவேன். நீ குனிந்து பார்த்து, "இது நமக்கு வேண்டாதது, எடுத்துடு" என்பாய். உன் வேலையே அதுதான். எழுதியதைவிட எடுத்துப்போட்டது அதிகம். பாட்டுக்கு ஏற்ப ஆடும் வண்ணக் கோடுகளை எடுத்தாய். "பாட்டுக் கேக்கறவாளுக்கு எதுக்குடி டான்ஸ்?" அலங்காரச் சட்டங்களை எடுத்தாய். மிஞ்சியது ஓட்ட ஒரு பொத்தான், நிறுத்த ஒரு பொத்தான், சத்தத்துக்கு ஒரு கோடு. கடைசியில் ஒருநாள், செய்தவர் பெயரைக் காட்டும் சின்ன ஜன்னலையும் எடுத்தாய்.

அதற்கு நான் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? "இன்னாடி இது, நம்ம பேரக் கூடவா எடுப்ப?" என்றேன்.

"அந்த ஒரு ஜன்னலுக்காகப் படம் காட்டற சமாசாரமெல்லாம் சேர்ந்துண்டு வரது. நம்ம பேருக்காக அவ்ளோ கனத்த ஏத்தணுமா?"

அதோடு நிற்கவில்லை நீ. அந்த ஐரோப்பாக்காரர்கள் பெயரை ஒரு தனிக் கோப்பில் அட்சரம் பிசகாமல் அடித்து, புரோகிராமோடு சேர்த்து வைத்தாய். எம்.டி. அதை எடுக்கச் சொன்னபோது முதல்முறையாக அவரை எதிர்த்துப் பேசினாய். "அவா குடுத்தது சார். அவா பேர் இருக்கணும். அது இல்லேன்னா நான் பண்ணமாட்டேன்." எம்.டி. என்னவோ செய் என்று விட்டுவிட்டார். முகம் தெரியாத இரண்டு பேருக்காக அவ்வளவு திமிராக நிற்கத் தெரிந்தது உனக்கு. அந்தக் கோப்பில் உன் பெயருக்கு ஒரு வரி சேர்த்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டதற்கு, "நாம என்ன பெருசா பண்ணிட்டோம், குறைச்சோம், அவ்ளோதானே" என்றாய்.

சரி. குறைத்ததோடு போகட்டும். ஆனால் அதற்குப் பிறகு நீ செய்ததைக் குறைத்தல் என்று எவளாவது சொல்லுவாளா?

லினக்ஸ் போட்ட பழைய மெஷினில் மட்டும் ரேடியோ நடு நடுவே அறுந்தது. கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், ஒரு விக்கல், மறுபடி ஓடும். போன் லைன் சரியில்லை என்றார் எம்.டி. "லினக்ஸ்னாலே அப்படித்தாம்மா" என்றான் முரளி. பாட்டை முன்கூட்டியே கொஞ்சம் அதிகமாக இறக்கிச் சேர்த்து வைத்துக்கொண்டு ஓட்டு என்றான். ஓட்டினோம். விக்கல் தள்ளிப் போனதே தவிர நிற்கவில்லை.

மறுநாள் நீ வீட்டிலிருந்து துண்டில் சுற்றி ஒரு சுருதிப் பெட்டியைக் கொண்டுவந்தாய். ஆபீஸே சிரித்தது. "கச்சேரியா?" என்றான் முரளி. நீ காதில் போட்டுக்கொள்ளவில்லை. சினிமாப் பாட்டு என்றால் தாளத்துக்கு நடுவே ஓட்டை விழுந்தாலும் தெரியாது, சுருதி இடைவிடாமல் போகிறது, மயிரிழை அறுந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும் என்றாய். பெட்டியின் சுருதித் திருகு நகராமல் பிளாஸ்திரி ஒட்டி, புது மெஷினில் அதைப் பதிவு செய்து, போன் லைனே இல்லாமல் இந்த மெஷினிலிருந்து அந்த மெஷினுக்கு வயர் போட்டு அனுப்பினாய். போன் இல்லை. ஆனாலும் விக்கியது. அத்தோடு எம்.டி.யின் போன் லைன் கதை முடிந்தது.

பிறகுதான் நீ அந்தக் காரியம் செய்தாய். பழைய மெஷினில் சுருதி ஓடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் அசல் பெட்டியையும் போட்டுவிட்டாய். இரண்டும் சேர்ந்து ஒலித்தன. எனக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்டது. நீ கண்ணை மூடிக்கொண்டு கையை மேலும் கீழுமாக அசைத்தாய்.

"அலை அடிக்கறது, கேக்கறதா? ரெண்டும் சேரல. மெஷின்ல சுருதி துளி ஏறிண்டிருக்கு."

முரளி எட்டிப் பார்த்து, "கம்ப்யூட்டர்ல எப்படிம்மா சுருதி ஏறும்? மிருதங்கமா அது?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நான் அவனைப் பார்த்த பார்வையில் அவன் எரிந்து போயிருக்க வேண்டும், போகவில்லை.

நீ என்னை உட்காரவைத்து விளக்கினாய். அந்த மெஷினின் பழைய சவுண்ட் கார்டுக்கு நாம் சொல்லும் வேகத்தில் சரியாக ஓடத் தெரியாது, துளி வேகமாக ஓடுகிறது. அதனால்தான் சுருதி ஏறுகிறது. அதனால்தான் விக்கலும். மேல்தொட்டியில் வரும் தண்ணீரைவிடக் குழாயில் போகும் தண்ணீர் துளி அதிகம் என்றால் எவ்வளவு பெரிய தொட்டி வைத்தாலும் ஒருநாள் காலிதானே? மெட்ராஸில் பிறந்த எனக்கு இதற்குமேல் சொல்ல வேண்டுமா! தொட்டியின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டத்தை இழுத்துப் பிடிக்கும்படி கொஞ்சம் வரிகள் எழுதினாய். கம்பைல் பண்ணிவிட்டு அன்று நாம் பனகல் பார்க் போகவில்லை. மெஷின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தோம். ஓட்டியதும் நீ மறுபடி பெட்டியைப் போட்டாய். கொஞ்ச நேரம் கேட்டாய். உன் கை அசையவில்லை. "சேர்ந்துடுத்து" என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. நான் உன்னைக் கட்டிக்கொண்டதில் உன் பூவெல்லாம் உதிர்ந்து கீ-போர்டில் விழுந்தது. விக்கல் அதற்குப் பிறகு வரவே இல்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். எதற்காக இன்று வரை உன்னை மன்னிக்கவில்லையோ அந்த நாள்.

சிங்கப்பூர்க்காரர் வந்திருந்தார். தன்னுடைய பழைய மடிக்கணினியிலேயே நம் ரேடியோவை ஏற்றச் சொன்னார். அதுவும் அதே மாதிரிக் கார்டு. வேறு யார் யாரோ செய்து கொடுத்ததெல்லாம் அதில் விக்கியதாம். சாப்பிட்டு முடிக்கும்வரை ஓடவிட்டார். ஒரு விக்கல் இல்லை. இலையை மடித்துவிட்டு வந்து கேட்டார்: "இதக் கண்டுபிடிச்சது யாரு? ரேடியோவ நடத்த சிங்கப்பூர்ல எனக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆளத்தான் கூட்டிட்டுப் போகப்போறேன்."

முரளி தொண்டையைச் செருமினான். "நாங்க அனலைஸ் பண்ணிப் பாத்தப்ப..." என்று ஆரம்பித்தான்.

"இவன் ஒண்ணும் பண்ணல சார்" என்றேன் நான். உன் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினேன். "இவதான். காதால கேட்டே கண்டுபிடிச்சா. எழுதினதும் இவதான். வேணும்னா இவகிட்டயே கேளுங்க."

அந்த மனுஷர் நாற்காலியை உன் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். "அப்படியாம்மா?" என்றார். எவ்வளவு ஆசையாகக் கேட்டார்! ஒரு 'ஆமாம்' போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். நீ எம்.டி.யைப் பார்த்தாய். தரையைப் பார்த்தாய். பிறகு, சிரித்தாய்.

"இல்ல சார். எல்லாரும் சேர்ந்து பண்ணினதுதான். முரளி சார்தான் கைட் பண்ணினார்."

என்னைப் பொய்க்காரி ஆக்கினாய். அத்தனை பேர் முன்னால். அது எனக்குப் பெரிதில்லை. உன்னை நீயே அழித்தாயே, அதைப் பார்த்துக்கொண்டு நான் நின்றேனே, அதுதான் இன்றும் பொறுக்கவில்லை. முரளி சிங்கப்பூர் போனான். இன்று அவன் பெரிய ஆள், ஊரெல்லாம் வீடு. அவனைத் திட்டி என்ன ஆகப்போகிறது. கிடைத்ததை எடுத்துக்கொண்டான். கொடுத்தவள் நீ.

அன்று சாயங்காலம் உன்னைத் தரதரவென்று பெசன்ட் நகர் பீச்சுக்கு இழுத்துப் போனேன். கூட்டம் பிடிக்காமல் நடந்து நடந்து ஊரூர் குப்பத்துப் படகுகள் வரை போய்விட்டோம். வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கும்படி கத்தினேன்.

"உனக்கு இன்னாடி பைத்தியமா? வாயில இன்னா இருந்துச்சு?"

"எம்.டி. எங்கப்பாவோட சிநேகிதர். அவர் சொல்லித்தான் எனக்கு இந்த வேலையே கிடைச்சுது. அவர் ஆபீஸ்ல அவர் முன்னாடி அப்படிச் சொல்லப்படாதுடி."

"அதுக்கு?"

"ஞாயித்துக்கிழமை பொண்ணு பாக்க வரா. சிங்கப்பூர்னு சொன்னா ஆத்துல என்ன நடக்கும்னு உனக்குத் தெரியாது."

"போவ முடியாதுன்னா போவாத. நான் பண்ணேன்னு சொல்றதுக்கு இன்னா கேடு?"

புடவைக் கரையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே இருந்தாய். பிறகு சொன்னாய்:

"ஆமான்னு சொல்லிட்டேன்னா, எனக்குப் போகணும்னு ஆசை வந்துடும்டி."

அதை நினைக்கும்போதெல்லாம் கோபம் இரட்டிப்பாகிறது. உன்னை அங்கேயே விட்டுவிட்டு, அந்த பீச் பக்கத்திலேயே இருக்கும் வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் போய் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்காதே. வேண்டவில்லை, மாதாவிடமும் சண்டைதான் பிடித்தேன். அடுத்த மாதம் நான் வேலையை விட்டேன். உனக்குக் கல்யாணம் ஆயிற்று. உன் புக்ககத்தில் நீ கம்ப்யூட்டரைத் துடைத்து அதற்கு உறை தைத்துப் போட்டதைப் பார்த்தேன். அதற்குமேல் நீ அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. நான் வேறு ஆபீஸ், வேறு வேலை என்று மாறி மாறி மேலே வந்தேன். எனக்கு ஒவ்வொரு பதவி உயர்வு வந்தபோதும் நீ கற்பகாம்பாளுக்கு அர்ச்சனை செய்து குங்குமம் கொடுத்தனுப்புவாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் வாங்கிக்கொள்வேன்.

மார்பில் கட்டி என்று தெரிந்ததும் யாரிடமாவது சொன்னாயா? மாமனாருக்குச் சதாபிஷேகம் வருகிறது, அது முடியட்டும் என்று இருந்தாயாம். நூறு பேருக்கு வெற்றிலை பாக்குப் பை போட்டாயாம், மடிசாரோடு ஓடி ஓடிப் பரிமாறினாயாம். உன் வீட்டுக்காரர் இதை நேற்று எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னார். எண்பது தாண்டிய அந்தப் பெரியவர் ஊஞ்சலில் உட்கார்ந்து விசித்து விசித்து அழுதுகொண்டிருந்தார். நீ ஐம்பதைக்கூடத் தொடவில்லை. அவர் கேட்டாரா உன்னிடம், என் சதாபிஷேகத்துக்காகச் சாகச் சொல்லி? யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காததையெல்லாம் கொடுத்தாய் நீ. இதற்கு என்ன பெயர் வைப்பது? தியாகம் என்று நேற்று நாலு பேர் சொன்னார்கள். எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது.

சாப்பிட்டு முடித்து வெற்றிலைத் தட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்தபோது உன் வீட்டுக்காரர் யாருக்கோ சொன்னார்: "கல்யாணத்துக்கு முன்னாடி டி.நகர்ல ஏதோ கம்ப்யூட்டர் ஆபீஸ்ல இருந்தா. டைப்பிங் மாதிரி. பெருசா ஒண்ணும் இல்ல. அவளுக்கு அதுல ஆசையும் கிடையாது." நல்ல மனுஷர்தான். உன்னை ஒரு சுடுசொல் சொன்னவர் இல்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொன்னார். நீ சொன்னதுதானே அவருக்குத் தெரியும்?

என்னால் அதற்குமேல் முடியவில்லை. உன் மகளைக் கையைப் பிடித்து பால்கனிக்கு இழுத்துப் போனேன். உன் மூக்கு, உன் நெற்றி. சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. இவளிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். சுருதிப் பெட்டி, விக்கல், சிங்கப்பூர்க்காரர், எல்லாம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். முடித்ததும் மெதுவாகச் சொன்னாள்.

"தெரியும் ஆன்ட்டி. அம்மா நிறைய தடவை சொல்லிருக்கா. ஆனா நீங்க மாத்திச் சொல்றேள்."

"இன்னாம்மா மாத்தி?"

"அந்த ரேடியோவப் பண்ணினது நீங்கதான்னு அம்மா சொன்னா. உங்களுக்கு அப்படி ஒரு காதாம். சுருதி ஏறறத நீங்கதான் கண்டுபிடிச்சேளாம். தான் பக்கத்துல உக்காந்துண்டு நீங்க சொன்னத டைப் அடிச்சேன்னு சொன்னா. சின்ன வயசுலேர்ந்து இந்தக் கதையக் கேட்டுக் கேட்டுத்தான் நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தேன். உங்கள மாதிரி ஆகணும்னு."

எனக்குக் காதா! சாந்தோம் கோயில் கொயரில், பாட வேண்டாம், வாயை மட்டும் அசை என்று சிஸ்டர் சொல்லி வைத்த பெண் நான். அன்றைக்கு அந்த அறையில் அலை எனக்குக் கேட்கவே இல்லை, கடைசி வரை கேட்கவில்லை. "உங்கம்மா பொய் சொல்லிட்டாம்மா" என்று கத்தினேன். "சத்தியமா நான் இல்ல. அவதான். அவ மட்டும்தான்."

உன் மகள் என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கண் நிறைய அழுகை, உதட்டில் உன் சிரிப்பு.

"நீங்க ஒத்துக்கமாட்டேள்னும் அம்மா சொல்லிருக்கா ஆன்ட்டி. ஸ்டெல்லாவுக்குத் தன்னடக்கம் ஜாஸ்தின்னு."

தன்னடக்கமாம். எனக்காம். நீ போட்டு வைத்த முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை. நான் எவ்வளவு உண்மை சொல்கிறேனோ அவ்வளவு பெரிய ஆளாகிறேன் உன் பெண்ணின் கண்ணில். இந்தக் கடிதத்தில்கூட உன் பெயரை எழுத எனக்குக் கை வரவில்லை. எழுதினால் அதையும் வந்து எடுத்துப்போட்டுவிடுவாய் என்று பயம்.

பெயர் கனம் என்றாயே, அந்தக் கனத்தை எங்கே வைத்தாய் என்று நேற்றுத்தான் தெரிந்தது. இத்தனை வருஷமாக என் தலைமேல் வைத்திருக்கிறாய். அந்த விக்கலை நிறுத்த நான் ஒரு வரி எழுதவில்லை, ஒரு சுருதி கேட்கவில்லை. உன் மகள் போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். தடுக்கப் பார்த்தேன், விடவில்லை. அது உனக்கு வர வேண்டியது. எனக்கு வேண்டாம். வந்து வாங்கிக்கொண்டு போடி.